25 விருந்தினர், ஒரே ஒரு சூரிய அஸ்தமனம்... இத்தாலிக் கடலோரக் கல்யாணத்தைப் படம் எடுப்பது எப்படி?

அந்த ரீலை நீங்களும் பார்த்திருப்பீங்க. மலையில் ஒட்டவைத்த மாதிரி மஞ்சளும் ரோஸுமாக வீடுகள், கீழே நீலக் கடல். கல் படிக்கட்டில் ஒரு ஜோடி இறங்கி வருகிறது, பின்னால் கொஞ்சம் பேர் கை தட்டுகிறார்கள். நூறு ஐந்நூறு பேர் இல்லை, மொத்தமே இருபது இருபத்தைந்து பேர்தான். ‘சேவ்’ பட்டனை அழுத்திவிட்டு அடுத்த ரீலுக்குப் போயிருப்பீங்க.

ஆனால், கேமரா வைத்திருக்கும் ஆளாக நீங்கள் இருந்தால், ஒருநாள் அந்த மெசேஜ் வரலாம். ‘இத்தாலியில் கல்யாணம் பண்ணிக்கிறோம். நெருங்கினவங்க மட்டும்தான். நீதான் போட்டோ எடுக்கணும்.’ வெளிநாட்டில் படிக்கப்போன நண்பராக இருக்கலாம், லண்டனில் வளர்ந்த சித்தப்பா மகளாக இருக்கலாம். சந்தோஷத்தில் உடனே ‘டன்’ என்று பதில் போட்டுவிடுவீங்க. அதற்குப் பிறகுதான் வயிற்றில் புளி கரையும்.

ஏன்னா, சின்னக் கல்யாணம் என்றால் வேலையும் சின்னது என்று நினைப்பது பெரிய தப்பு. நம்ம ஊர் மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் பின்வரிசைக்காரர்களுக்குத் தெரிவது கேமராமேன் முதுகுதான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கூட்டம், மேளச் சத்தம், சாப்பாட்டு வரிசை எல்லாவற்றுக்கும் நடுவில் நாலு போட்டோகிராபர் கரைந்துபோவார்கள். ஆனால், கடலைப் பார்த்த ஒரு மொட்டைமாடியில் 25 பேர் உட்கார்ந்திருக்கும்போது, அமைதியில் ‘க்ளிக்’ என்ற சத்தம்கூட எல்லார் காதிலும் விழும். நீங்கள் நாலு அடி நடந்தால் மொத்தச் சபையும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். அப்பா கண்ணைத் துடைக்கிற அந்த ஒரு நொடிக்கு நீங்கள் இருக்க வேண்டும், ஆனால் இல்லாத மாதிரி இருக்க வேண்டும். வராதவர்கள் லிஸ்ட் வந்தவர்கள் லிஸ்ட்டைவிடப் பெரிது என்பது இன்னொரு விஷயம். விசா கிடைக்காத மாமா, முட்டி வலியால் வர முடியாத பாட்டி, லீவு கிடைக்காத தோழி. இவர்கள் எல்லோருக்கும் அந்தக் கல்யாணம் என்பது நீங்கள் எடுக்கும் படங்கள்தான்.

இந்தியாவில் இந்த ஆசையைப் பெரிதாக்கிய இரண்டு கல்யாணங்கள் நினைவிருக்கும். 2017 டிசம்பரில் விராட் கோலி - அனுஷ்கா சர்மா, 2018 நவம்பரில் தீபிகா படுகோன் - ரன்வீர் சிங். முதலாவது டஸ்கனியில், இரண்டாவது கோமோ ஏரிக்கரையில். அதாவது இரண்டுமே கடல் பக்கமே இல்லை! டஸ்கனியின் மெத்துமெத்தென்ற குன்றுகளில் கிடைக்கிற வெளிச்சம் வேறு, கடலோரத்தில் கிடைக்கிற வெளிச்சம் வேறு. அந்தப் படங்களைப் பார்த்து ‘இதே மாதிரி வேணும்’ என்று ஜோடி கேட்டால், முதலில் இதைச் சொல்லிப் புரியவைப்பது உங்கள் பொறுப்பு.

எந்தக் கடல், எந்தப் பக்கம்?

இத்தாலி ஒரு நீளமான பூட்ஸ் மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நாடு. மூன்று பக்கமும் கடல். அதனால், ‘இத்தாலிக் கடற்கரையில் சன்செட் ஷாட்’ என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை. கிழக்குக் கரையில், ஏட்ரியாட்டிக் கடலைப் பார்த்திருக்கும் புலியா பகுதியில், பொலிஞ்ஞானோ ஆ மாரே மாதிரி ஊர்களில் சூரியன் கடலிலிருந்து எழும். மாலையில் அது நிலத்தின் பக்கம் போய்விடும். மெரினாவில் நின்று சூரிய அஸ்தமனம் தேடுகிற கதைதான். அங்கே கடலும் தங்க வெளிச்சமும் ஒரே ஃப்ரேமில் வேண்டும் என்றால் மணப்பெண் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். அதை எந்தத் தைரியத்தில் கேட்பீங்களோ, உங்கள் பாடு.

வடமேற்கில் லிகூரியாவின் சிங்க்வே தெர்ரே கிராமங்கள் தென்மேற்கைப் பார்த்தவை. அங்கே மனரோலா, வெர்னாட்சா போன்ற ஊர்களில் மாலை வெளிச்சம் நேரே வீடுகளின் முகத்தில் அடிக்கும். வண்ணச் சுவர்கள் எல்லாம் பற்றி எரிகிற மாதிரி தெரிவது அதனால்தான்.

எல்லோரும் கேட்கிற அமால்ஃபி கரைதான் கொஞ்சம் ஏமாற்றுக்காரி. நேப்பிள்ஸுக்குத் தெற்கே, செங்குத்தான மலையும் கடலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கரையை 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. படங்களில் பார்த்தால் எங்கு நின்றாலும் அழகு. ஆனால், இது பொதுவாகத் தெற்கைப் பார்த்த கரை. மலை உயரம். பொசிட்டானோவில் கோடைக்காலத்தில், காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ‘8.30-க்கு சன்செட், 8 மணிக்கு ஜோடியை வெளியே கூட்டிட்டு வாங்க’ என்று ப்ளான் போட்டீங்கன்னா, வந்து பார்க்கும்போது மொத்த ஊரும் நிழலில் கிடக்கும். பக்கத்து ஊரான ப்ரையானோவில் நிலைமை மேல். மேற்குப் பக்கம் அங்கே கொஞ்சம் திறந்திருக்கிறது.

ரவெல்லோ இன்னும் சுவாரஸ்யம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் குட்டி ஊர். வில்லா ருஃபோலோ, வில்லா சிம்ப்ரோனே என்று இரண்டு புகழ்பெற்ற தோட்ட மாளிகைகள். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1880-ல் வில்லா ருஃபோலோ தோட்டத்தைப் பார்த்துவிட்டு, தான் எழுதிக்கொண்டிருந்த ‘பார்சிஃபால்’ ஆபெராவின் மாயத் தோட்டம் இதுதான் என்று சொக்கிப்போனார். வில்லா சிம்ப்ரோனேயில் வரிசையாகப் பளிங்குச் சிலைகள் நிற்கும் ‘முடிவிலி மாடி’தான் இன்றைக்கு இன்ஸ்டா முழுக்க. அந்த மாடி பார்ப்பது கிழக்கும் தென்கிழக்குமாக. அதனால், மாலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் மலையில் இறங்கிவிடும். மாடியில் மென்மையான, நிழலான வெளிச்சம்தான் இருக்கும். இது குறை இல்லீங்க, வரம். கண்ணைச் சுருக்காமல் எல்லோரும் இயல்பாக இருப்பார்கள். பின்னால் கடல் வெளிர்நீலமாக விரியும். ஆனால் ‘தங்க வெளிச்சம்’ என்று எதிர்பார்த்து வந்த ஜோடிக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்றால், அவர்கள் முகம்தான் வாடும்.

நேரக் கணக்கிலும் நம்ம ஊர்ப் பழக்கம் காலை வாரும். சென்னையில் சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். அமால்ஃபியில் ஜூன் மாதம் 8.35 மணி வாக்கில் அஸ்தமனம், அதற்குப் பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் படம் எடுக்கிற வெளிச்சம் இருக்கும். வானமும் கடலும் ஒரே நீலமாகக் கலக்கும் அந்த நேரத்தைத்தான் ‘ப்ளூ ஹவர்’ என்கிறோம். இன்னொரு பக்கம், ஜூனில் பகல் ஒரு மணிக்குத்தான் சூரியன் உச்சியில் இருக்கும், பன்னிரண்டுக்கு இல்லை. அதனால் ‘மூணு மணிக்கு வெயில் தணிஞ்சிரும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

செப்டம்பர் கடைசியில் அஸ்தமனம் 7 மணி ஒட்டி வந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். சனிக்கிழமை கல்யாணத்துக்கும் திங்கட்கிழமை கல்யாணத்துக்கும் நடுவில் மாலையே ஒரு மணி நேரம் காணாமல் போகும். தேதி முடிவானதும் சூரியனின் பாதையைக் காட்டும் ஆப் ஒன்றில் அந்த ஊரையும் தேதியையும் போட்டுப் பாருங்க. முடிந்தால் ஒருநாள் முன்பே போய், அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று போனில் ஒரு படம் எடுங்க. ஆப் காட்டாத மலையை உங்கள் கண் காட்டும்.

படி, படி, இன்னும் படி

அமால்ஃபி கரையில் ஓடுவது ஒரே ஒரு குறுகலான சாலை. ஒரு பஸ் வந்தால் எதிரில் வரும் கார் பின்னால் போக வேண்டும். கோடையின் கூட்ட நாள்களில் நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணை வைத்து ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று கார்களுக்கு முறை வைக்கிறார்கள். சாலையிலிருந்து இறங்கினால் மீதி எல்லாம் படிக்கட்டு. அமால்ஃபி தேவாலயத்துக்குப் போகவே 62 படி ஏற வேண்டும். அது ஒரு கோயிலுக்கு மட்டும். ஊருக்குள் எத்தனை என்று எண்ணினால் மூச்சு வாங்கும்.

அதனால் ட்ராலி பேக், மூன்று லைட் ஸ்டாண்டு, நாலு லென்ஸ் என்று கிளம்பாதீங்க. இரண்டு கேமரா பாடி, ஒரு 35 மில்லிமீட்டர், ஒரு 85 மில்லிமீட்டர், ஒரு சின்ன ஃப்ளாஷ் இருந்தால் இந்தக் கல்யாணத்தை முழுதாக எடுக்கலாம். 35 உங்களைக் கூட்டத்துக்குள் நிற்கவைக்கும். 85 தள்ளி நின்று முகங்களைப் பிடிக்கும். இரண்டையும் ஆளுக்கொரு பாடியில் மாட்டிவிட்டால் காற்றும் உப்பும் அடிக்கும் இடத்தில் லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை. பெரிய 70-200 லென்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். 25 பேர் நடுவில் அதைத் தூக்கினால் எல்லோரும் போஸ் கொடுக்க ஆரம்பிப்பார்கள்.

ஜோடி படகில் போக ஆசைப்படுவார்கள். ‘கோட்சோ’ என்ற மரப்படகு அந்தக் கரையின் அடையாளம். படகில் 1/500-க்குக் கீழே ஷட்டர் ஸ்பீடை இறக்காதீங்க. நீங்களும் ஆடுவீங்க, அவர்களும் ஆடுவார்கள். கடல்நீர் லென்ஸில் தெறித்தால் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்கக் கூடாது, உப்புத் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு காய்ந்த துணி. இன்னொன்று, கடல் பின்னணியில் வருகிற எல்லாப் படத்திலும் ஒரு நேர்கோடு இருக்கிறது: தொடுவானம். அது சாய்ந்தால் கடல் வழிந்து ஓடுகிற மாதிரி இருக்கும். ஜோடியின் கழுத்தில் வந்து வெட்டினால் பார்க்கவே சங்கடம். நீங்கள் கொஞ்சம் குனிந்தால் தலைகள் வானத்துக்குப் போகும், ஒரு படி ஏறி நின்றால் கோடு தலைக்கு மேலே போகும். அவ்ளோதான் வித்தியாசம்.

மூன்று நிறப் பட்டை, மூன்று சட்டப் பிரிவு

இத்தாலியில் சட்டப்படி நடக்கும் சிவில் கல்யாணம் நம்ம ரெஜிஸ்டர் ஆபீஸ் மாதிரிதான், ஆனால் பார்க்க அழகாக இருக்கும். மேயரோ, அவர் அனுப்பும் ஆளோ, பச்சை-வெள்ளை-சிவப்பு பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு நடத்துவார். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஜோடிக்கு இத்தாலி மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். சிவில் சட்டத்தின் 143, 144, 147-ஆம் பிரிவுகளைச் சத்தமாக வாசிப்பார்கள். ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பது, சேர்ந்து வாழ்வது, குடும்ப முடிவுகளைச் சேர்ந்து எடுப்பது, பிள்ளைகளை வளர்ப்பது, படிக்கவைப்பது என்று போகும் அந்த வாசகங்கள்.

பல போட்டோகிராபர்கள் இந்த வாசிப்பின்போது கேமராவை இறக்கிவிடுவார்கள். ‘சட்டம் படிக்கிறாங்க, இதுல என்ன இருக்கு?’ என்று. இந்தக் கல்யாணத்தின் சிறந்த படம் ஒருவேளை அங்கேதான் இருக்கும். முதலில் இத்தாலியில் ஒரு முறை, பிறகு மொழிபெயர்ப்பு ஒரு முறை. முதல் முறை புரியாமல் ஜோடி ஒருவரை ஒருவர் பார்த்து அடக்க முடியாமல் சிரிப்பார்கள். இரண்டாம் முறை புரியும்போது அம்மாக்கள் முகம் மாறும். யாருக்கும் கேமரா நினைவே இருக்காத நேரம் அது. நடத்துபவரின் பின்பக்கம் ஓர் ஓரமாக, தூணோ செடியோ பக்கத்தில், முன்கூட்டியே ஒரு இடம் பிடித்து நின்றுவிடுங்க. அங்கிருந்து ஜோடியின் முகமும், அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் முகமும் ஒரே ஃப்ரேமில் கிடைக்கும். நடக்கவே வேண்டாம்.

சத்தம் வராத எலெக்ட்ரானிக் ஷட்டர் இப்போது பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களில் இருக்கிறது. வெளியே, பகல் வெளிச்சத்தில் தாராளமாகப் போடுங்க. உள்ளே எல்.இ.டி விளக்கு இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. படத்தில் வரிவரியாகப் பட்டை விழலாம். முன்னாடியே நாலு டெஸ்ட் ஷாட் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்க. தேவாலயக் கல்யாணம் என்றால் பாதிரியாரிடம் முதல் நாளே பேசிவிடுவது நல்லது. எங்கே நிற்கலாம், ஃப்ளாஷ் போடலாமா என்பதை முடிவுசெய்வது அவர்தான், நீங்களோ ஜோடியோ இல்லை.

வெளிநாட்டு ஜோடிகள் இத்தாலியில் சட்டப்படி பதிவு செய்ய, தங்கள் நாட்டிலிருந்து ‘தடையில்லை’ என்ற சான்று வாங்க வேண்டும். இந்தக் காகித அலைச்சலுக்குப் பயந்து நிறைய ஜோடிகள் பதிவைச் சொந்த ஊரிலேயே முடித்துவிட்டு, அங்கே சடங்கை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் உங்களுக்கு ஒரு வசதி: நேரம் உங்கள் கையில். டவுன் ஹால் அட்டவணைக்காகப் பகல் 12 மணி வெயிலில் நிற்கத் தேவையில்லை. மாலை 5, 6 மணிக்கு வைக்கச் சொல்லுங்க. கோடையில் அங்கே மாலை 5 என்றால் இங்கே இரவு 8.30. பாட்டி வீடியோ காலில் பார்க்கவும் தோதான நேரம்.

அரிசியும் கொத்தமல்லியும்

சடங்கு முடிந்து ஜோடி வெளியே வந்ததும் விருந்தினர்கள் அரிசி போடுவார்கள். நம்ம அட்சதையேதான், மஞ்சள் மட்டும் கிடையாது! வீசி எறிவார்கள் என்பதுதான் வித்தியாசம். ஷட்டர் ஸ்பீடு 1/1000, தொடர்ச்சியாக எடுக்கும் மோடு, இரண்டுக்கும் முன்பாகவே விரல் தயாராக இருக்க வேண்டும். நாலு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். நிழலான பின்னணி இருந்தால்தான் வெள்ளை அரிசி தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் போட்டால் ஜோடி காரணமே இல்லாமல் முகத்தைச் சுளிக்கிற படம்தான் கிடைக்கும்.

ஒரு வேடிக்கை. நாம் கலர் பேப்பர் துண்டுகளை ‘கன்ஃபெட்டி’ என்கிறோம் இல்லையா? இத்தாலியில் கன்ஃபெட்டி என்றால் சர்க்கரை பூசிய பாதாம். ஆரோக்கியம், செல்வம், மகிழ்ச்சி, பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள் என்று ஐந்துக்கும் ஐந்து பாதாமைச் சின்னப் பையில் கட்டி விருந்தினருக்குக் கொடுப்பார்கள். தாம்பூலப் பை மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். பேப்பர் துண்டுகளுக்கு அங்கே பெயர் ‘கொரியாந்தொலி’. அந்தக் காலத்தில் திருவிழாக்களில் சர்க்கரை பூசிய கொத்தமல்லி விதையை வீசினார்களாம், பெயர் அதிலிருந்து வந்தது. செவ்வாய், வெள்ளியில் கல்யாணமோ பயணமோ கூடாது என்ற பழமொழிகூட அவர்களிடம் உண்டு. செவ்வாயில் நமக்கும் அவர்களுக்கும் ஒற்றுமை, வெள்ளியில்தான் சண்டை. இதையெல்லாம் தெரிந்துகொள்வது ஜாலிக்காக மட்டுமில்லை. அந்தப் பாதாம் பையைத் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அப்போதுதான் உங்களுக்குத் தோன்றும்.

நம்ம நிறத்தைச் சாம்பலாக்காதீங்க

இங்கே கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். ‘இத்தாலியன் வெட்டிங்’ என்ற பெயரில் விற்கிற பல ப்ரீசெட்களைப் போட்டுப் பார்த்தால், வெளிச்சத்தைத் தூக்கி, நிழலைக் கரைத்து, எல்லாவற்றையும் பால் ஊற்றிய மாதிரி ஆக்கிவிடும். வெள்ளைக் கவுன், வெள்ளைச் சருமம், வெள்ளைச் சுவருக்காக உருவானவை அவை. நம்ம மாநிறமும் கறுப்பும் எடிட்டிங் மென்பொருளில் பெரும்பாலும் ஆரஞ்சு, சிவப்பு வண்ணப் பகுதிக்குள்தான் வரும். அந்த ப்ரீசெட்கள் ஆரஞ்சின் அடர்த்தியைக் குறைத்து, பிரகாசத்தை ஏற்றும். விளைவு, முகம் சாம்பல் பூசிய மாதிரி, ரத்தமே இல்லாமல் இருக்கும். பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு சாயம் போன மாதிரி ஆகும். பாட்டி அந்தப் படத்தைப் பார்த்து ‘புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டால் அது ப்ரீசெட்டின் சாதனை.

எடுக்கும்போதே கவனித்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும். பின்னால் பளபளக்கும் கடலைப் பார்த்து கேமரா பயந்துபோய் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். அதனால் முகத்தை வைத்து வெளிச்சத்தை அளங்க. கடல் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை. ஜரிகையும் வெள்ளைத் துணியும் மட்டும் முழுசாக வெளுத்துப்போகாமல் இருக்கிறதா என்று ஹிஸ்டோகிராமில் பாருங்க. ‘ரா’ ஃபைலில் எடுத்தால் பிறகு சரிசெய்ய இடம் இருக்கும். உச்சி வெயிலில் ஜோடியை மாடி நடுவில் நிறுத்தாதீங்க, ஒரு வளைவுக்கு அடியில், சந்தின் நிழலில், வெளிச்சம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி நிறுத்துங்க. எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் காசில்லாத ரிஃப்ளெக்டர். செம்மண் நிறச் சுவர் என்றால் கன்னத்தில் ஆரஞ்சு விழும். எலுமிச்சைப் பந்தலுக்கு அடியில் நின்றால் பச்சை விழும். அமால்ஃபி முழுக்க எலுமிச்சைப் பந்தல்தான், அதனால் இந்தப் பச்சையை நீங்கள் சந்திக்காமல் திரும்ப முடியாது. பந்தலின் நட்டநடுவில் நிறுத்தாமல் ஓரத்தில், வானம் தெரிகிற இடத்தில் நிறுத்தினால் பச்சை குறையும்.

ஜோடியைத் தனியாகக் கூட்டிப்போகும் நேரம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 25 பேர் அவர்களுக்காகக் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள். 500 பேர் கல்யாணத்தில் மணமக்கள் ஒரு மணி நேரம் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே விருந்தே நின்றுபோகும்.

இரவு விருந்து எட்டு மணிக்கு மேல்தான் தொடங்கும். நீளமான ஒரே மேசை, மெழுகுவத்தி, மேலே சரம் சரமாக மஞ்சள் பல்புகள். இங்கே மண்டபப் பழக்கத்தில் ஃப்ளாஷை மேலே திருப்பி ‘பவுன்ஸ்’ பண்ணினால், மேலே வானம்தான் இருக்கிறது, கூரை இல்லை. வெளிச்சம் திரும்பி வராது. ஃப்ளாஷை ஒரு ஸ்டாண்டில் மாட்டி மேசையின் ஒரு மூலையில் வைத்துவிட்டு, ஐ.எஸ்.ஓ-வை 3200, 6400 என்று ஏற்றுவதற்குத் தயங்காதீங்க. கொஞ்சம் புள்ளி விழுந்த உண்மையான சிரிப்பு, ஃப்ளாஷில் வெளுத்த முகத்தைவிட எவ்வளவோ மேல். ஸ்டாண்டின் காலில் உங்கள் பையைத் தொங்கவிடுங்க. கடல் காற்று ஸ்டாண்டைச் சாய்த்தால் விழுவது கேக்கின் மேல்தான்.

விசாவும் ட்ரோனும்

சுற்றுலா விசாவில் போய்க் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்வது சட்டப்படி சரியில்லை. நண்பர் கல்யாணம் என்று அன்பளிப்பாக எடுப்பது வேறு, ஒப்பந்தம் போட்டு எடுப்பது வேறு. இரண்டாவது என்றால் எந்த விசா வேண்டும் என்று தூதரகத்தில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் வாங்குங்க. பெரிய அளவில் உபகரணம் கொண்டுபோனால் ‘ஏ.டி.ஏ கார்னே’ என்ற சுங்க ஆவணம் இருக்கிறது, இந்தியாவில் ஃபிக்கி அமைப்பு தருகிறது. கேமரா பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

ட்ரோன் விஷயத்தில் விளையாடாதீங்க. ஐரோப்பிய விதிப்படி, பொம்மை வகையைத் தவிர்த்து, கேமரா வைத்த ட்ரோன் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதை இயக்குபவர் பதிவு செய்ய வேண்டும். இத்தாலியில் அதற்கு ‘டி-ஃப்ளைட்’ தளம். இன்ஷூரன்ஸ் கட்டாயம். கூடியிருக்கும் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடக் கூடாது. சடங்கு நடக்கும்போது மேலே தேனீ மாதிரி அது இரைந்துகொண்டிருந்தால் சட்டம் விட்டாலும் விருந்தினர் விட மாட்டார்கள். அரசுக்குச் சொந்தமான பாரம்பர்ய இடங்களில் வணிகத்துக்காகப் படம் எடுக்க முன்அனுமதியும் கட்டணமும் தேவைப்படலாம். போர்ட்டோஃபினோ என்ற குட்டித் துறைமுக ஊரில், 2023-ல், செல்ஃபி கூட்டம் வழியை அடைப்பதால் சில இடங்களில் நிற்கவே தடை போட்டார்கள்; மீறினால் 275 யூரோ வரை அபராதம். ஜோடியை நிறுத்தி ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று சொல்வதற்கான விலை அது.

ராத்திரி வேலை

விருந்து முடிந்து ரூமுக்கு வந்ததும் தூக்கம் கண்ணைச் சொருகும். அப்போது செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம். கேமராவில் இரண்டு கார்டு இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகிற மாதிரி காலையிலேயே செட் செய்திருக்க வேண்டும். இரண்டு கேமராவின் கடிகாரமும் இத்தாலி நேரத்தில், நொடி சுத்தமாக ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் ஆல்பத்தில் மோதிரம் மாற்றியதற்குப் பிறகு மணப்பெண் உள்ளே நடந்து வருவாள். ராத்திரியே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி. ஒன்று உங்கள் பையில், இன்னொன்று ஜோடியின் வீட்டு ஆள் ஒருவரிடம். கார்டுகளை ஊர் திரும்பும்வரை ஃபார்மட் பண்ணக் கூடாது. விமானத்தில் அவை உங்கள் உடம்போடு இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் இல்லை. ஏர்போர்ட் எக்ஸ்ரேயால் மெமரி கார்டுக்கு ஒன்றும் ஆகாது. ஃபிலிம் ரோல் கொண்டுபோயிருந்தால் மட்டும் கையில் எடுத்துக் காட்டிச் சோதிக்கச் சொல்லுங்க.

காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது பத்து படம் மட்டும் தேர்ந்தெடுத்து, பெரிதாக எடிட் எதுவும் செய்யாமல், ஜோடியிடம் ‘ஊருக்கு அனுப்பட்டுமா?’ என்று கேளுங்க. கேட்காமல் உங்கள் இன்ஸ்டாவில் போடாதீங்க. தீபிகா-ரன்வீர் கல்யாணத்தில் அவர்களே போட்டதுதான் உலகம் பார்த்த முதல் தெளிவான படம். சாதாரண ஜோடிக்கும் அந்த உரிமை உண்டு. இத்தாலியச் சட்டம்கூட ஒருவரின் முகத்தைப் படமாக வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்று 1941-லிருந்தே சொல்கிறது.

அந்தப் பத்தில் கடல், மலை, சன்செட் எல்லாம் இரண்டு போதும். மீதி எட்டும் முகங்கள். மணப்பெண்ணின் அம்மா என்ன புடவை கட்டியிருந்தார், மாப்பிள்ளை தலை வாரியிருந்தாரா, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஊரில் இருப்பவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். அங்கே நள்ளிரவு 1 மணிக்கு நீங்கள் அனுப்பினால் இங்கே விடியற்காலை 4.30. பாட்டி எழுந்து கண்ணாடியைத் தேடுகிற நேரம்.